கோடை விடுமுறையும் சிறு குழந்தைகளின் காவலும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

இறுதித் தேர்வுகள் முடிந்து, ஏப்ரல் மாதக் கடைசியில் பள்ளிக்கூடக் கதவு சாத்தப்பட்டதும் நம் கிராமங்களின் தோற்றமே மாறிவிடுகிறது. புளிய மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் ஏரிக்கரையிலும் பகல் முழுவதும் சிறுவர்களின் ஆரவாரம் கேட்கிறது. சென்னையிலிருந்து பேரப் பிள்ளைகள் பாட்டி வீட்டிற்கு வந்து சேர்கின்றனர். மாங்காயும் நுங்கும் தெருவிற்கு வருகின்றன. ஜூன் மாத முதல் வாரம் வரையிலும், வெயில் தணியாத ஆண்டுகளில் அதற்கு மேலும் இக்காலம் நீடிக்கிறது. 2024ஆம் ஆண்டில் ஜூன் 10ஆம் நாளன்றுதான் பள்ளிகள் திறக்கப்பட்டன. குழந்தைகளுக்கு இது பொற்காலம் என்பதில் ஐயமில்லை. அம்மகிழ்ச்சியில் குறை காண்பது நமது நோக்கமன்று. சென்ற விடுமுறையில் ஊரிலிருந்த குழந்தைகள் அனைவரும் ஜூன் மாதத்தில் பள்ளிக்குத் திரும்பினரா என்று ஒவ்வோர் ஊராட்சியும் எண்ணிப் பார்த்ததுண்டா என்பதே நமது கேள்வி.

"குழந்தையைக் காப்பது பெற்றோர் கடமை, ஊராட்சிக்கு இதில் என்ன வேலை?" என்று உறுப்பினர்கள் கேட்கக்கூடும். நாமும் பணியில் சேர்ந்த புதிதில் அவ்வாறே எண்ணியிருந்தோம். நாம் முன்னர்ப் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், ஒரு மே மாதத்தில் நிகழ்ந்த நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

அவ்வூர் ஏரியின் உள்வாயில் சாலைப் பணிக்காக மண் எடுக்கப்பட்டிருந்தது. ஏரி வற்றிய பின்னரும் அப்பள்ளத்தில் மட்டும் நீர் நின்றது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் நான்கு வயதுத் தம்பியை அழைத்துக்கொண்டு அங்குத் துணி துவைக்கச் சென்றாள். தாய் நடவுக்குப் போயிருந்தாள். தந்தை ஆலையில் இரவுப் பணி முடித்து வந்து வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். முற்பகல் பதினொரு மணி இருக்கும். தம்பி வழுக்கி விழுந்தான்; அவனைப் பிடிக்கத் தமக்கையும் இறங்கினாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கூச்சலைக் கேட்டு ஓடி வந்து, தம் வேட்டியை எறிந்து அச்சிறுமியைக் கரையேற்றினார். சிறுவனை எடுத்தபொழுது காலம் கடந்திருந்தது.

மறுநாள் நாம் அங்குச் சென்றோம். அப்பள்ளம் நமக்குப் புதியதன்று. நமது அலுவலகத்து அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், ஆழம் என மூன்று இலக்கங்களாக எழுதப்பட்டு, நாமே கையொப்பமிட்ட பள்ளம் அது. அளவுகள் சரியாகவே இருந்தன. கரையைச் சரிவாக வெட்ட வேண்டும் என்பதை மட்டும் எவரும் எழுதியிருக்கவில்லை. ஊரார் அச்சிறுமியையே குறை கூறிக்கொண்டிருந்தனர். "தம்பியை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாளா?" என்று அவள் காதில் விழும்படியே பேசினர். ஒன்பது வயதுக் குழந்தையின் பொறுப்பில் நான்கு வயதுக் குழந்தையை விட்டது எவர் என்று எவரும் கேட்கவில்லை. தாயைக் குறை கூறுவதும் நியாயமாகாது. அவள் அன்று நடவுக்குப் போகாதிருந்தால் அவ்வாரம் வீட்டில் அரிசி இருந்திராது.

அன்று முதல், விடுமுறைக் கால விபத்துக்களைப் பெற்றோரின் அசட்டை என்று கூறுவதை நாம் விட்டுவிட்டோம். இது பெரும்பாலும் நேரத்தைப் பற்றிய பிரச்சினை. எந்த மணி நேரத்தில் தாய் வெளியே இருக்கிறாள், அந்த மணி நேரத்தில் குழந்தை எங்கே இருக்கிறது என்பதே பொருள்.

செவ்வாப்பேட்டையின் காலைப் பொழுது

சென்னை–அரக்கோணம் இருப்புப் பாதையில் வேப்பம்பட்டிற்கும் புட்லூருக்கும் இடையில் உள்ள செவ்வாப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வயல். மற்றொரு பக்கம் வயலாக இருந்து மனைப் பிரிவுகளான நிலம். காலை ஆறு மணி முதலே புறநகர் மின்சார ரயில்களில் ஆண்களும் பெண்களும் அம்பத்தூர், ஆவடி, சென்னை எனப் புறப்பட்டுவிடுகின்றனர். காக்களூர், திருமழிசைத் தொழிற்பேட்டைகளுக்குச் செல்வோரை ஏற்றிச் செல்ல வேன்கள் சாலை முனையில் நிற்கின்றன. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலும் தேர்வாய்க்கண்டிகைப் பக்கத்திலும் இதே காட்சியைக் காணலாம். ஆலைகளில் மூன்று முறைப் பணி நடைபெறுவதால், பகலில் வீட்டில் இருக்கும் ஆடவர் பலர் இரவெல்லாம் விழித்தவர்கள். உறங்கும் தந்தையை வீட்டில் ஆள் இருப்பதாகக் கணக்கில் சேர்ப்பது பெரும் பிழை.

வயல் வேலை செய்யும் குடும்பங்களின் நிலை வேறு விதமானது, அதனினும் கடினமானது. நம் மாவட்டத்தில் நவரைப் பட்டத்து அறுவடை முடிந்து, சொர்ணவாரிப் பட்டத்திற்கு நாற்று விடுதலும் நடவும் நடைபெறும் காலமே பள்ளி விடுமுறைக் காலம். நடவு பெண்களின் வேலை. ஆகவே ஆண்டில் எந்த வாரங்களில் பள்ளிக்கூடம் மூடப்பட்டிருக்கிறதோ, அதே வாரங்களில்தான் தாய்மார்களுக்கு வயலில் கூலியும் மிகுதியாகக் கிடைக்கிறது. இவ்விரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுவதை வேளாண்மைத் துறையும் கவனிப்பதில்லை, கல்வித் துறையும் கவனிப்பதில்லை. அவ்வத்துறையின் நாட்காட்டி அவ்வத்துறைக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய இடம் ஊராட்சி ஒன்றே.

இரண்டு வயதிற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறதே எனலாம். உண்மை, அது பேருதவி. ஆனால் அண்மை ஆண்டுகளில் மே மாதத்தில் அங்கன்வாடிகளுக்கும் சுமார் இரு வாரங்கள் விடுமுறை விடப்பட்டு வருகிறது. அப்பணியாளர்களும் பெண்களே; அவர்களுக்கும் குழந்தைகள் உண்டு; அவ்விடுமுறை நியாயமானதே. எனினும் கத்திரி வெயிலின் உச்சத்தில் அந்தப் பதினைந்து நாட்கள் ஊரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு கதவும் திறந்திருப்பதில்லை என்பதை மறத்தலாகாது.

ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் அமைக்கச் சட்டம் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலைகளில் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டுமென விதித்தது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு இக்கடமையை வைத்தது. நல்ல சட்டங்களே. ஆயினும் காலை ஏழு மணி மின்சார ரயிலின் நெரிசலில் மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் சுமந்து அம்பத்தூர் வரை எந்தத் தாய் செல்ல இயலும்? காப்பகம் குழந்தை இருக்கும் ஊரில் இருந்தால்தான் பயன்.

நீர்நிலைகள் எவ்வாறு மாறின?

நம் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் முதல் 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் வரை, சென்னை மாநகரின் தாகத்தைத் தணிக்கும் நீர் இங்குதான் தேங்குகிறது. இவையன்றி ஊர் தோறும் ஏரி, தாங்கல், குட்டை. நம் முன்னோரும் இந்நீர்நிலைகளின் அருகிலேயே குழந்தைகளை வளர்த்தனர். அக்காலத்தில் இல்லாத அபாயம் இப்பொழுது எங்கிருந்து வந்தது என்று முதியோர் கேட்கின்றனர். அக்காலத்திலும் அபாயம் இருந்தது. ஆயினும் சில செய்திகள் மாறியுள்ளன.

முதலாவது, ஏரியின் அடி. பழைய ஏரியின் உள்வாய் கரையிலிருந்து சிறுகச் சிறுக ஆழமாகும். முழங்கால் அளவு, இடுப்பளவு என்று கால் அறிந்துகொண்டே செல்லும். இயந்திரங்களால் மண் எடுத்த இடங்களிலோ, சுவர் போல் நேராக வெட்டப்பட்ட பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கின்றன. ஓரடி நீரில் நடந்து செல்லும் குழந்தை அடுத்த அடியில் பத்தடி ஆழத்தில் விழுகிறது. கோடையில் ஏரி வற்றும்பொழுது நீர் எஞ்சி நிற்பதும் அப்பள்ளங்களிலேதான். வெயிலில் அலையும் சிறுவர்களுக்கு ஊரில் வேறு எங்கும் இல்லாத நீர் அங்கு மட்டும் தெரிகிறது. செங்கல் சூளைகளுக்கு மண் எடுத்த குழிகளும் அத்தகையனவே.

இரண்டாவது, கிணறு. திறந்த பாசனக் கிணறுகள் இருந்த காலத்தில், முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையையோ கல்யாண முருங்கைக் கட்டையையோ கட்டிக்கொண்டு, மேலே கயிற்றைப் பிடித்தபடி தந்தையோ மாமனோ நிற்க, எட்டு வயதிற்குள் பிள்ளைகள் நீந்தக் கற்றனர். ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. பழைய கிணறுகள் தூர்ந்தன. இன்று முப்பது வயதுத் தந்தையர் பலருக்கே நீந்தத் தெரியாது. பெண் பிள்ளைகளுக்கோ அன்றும் கற்பித்தவர் சிலரே. கற்பிக்கும் இடமும் கற்பிப்போரும் மறைந்தபின் நீர் மட்டும் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, விருந்தினர். நகரத்திலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைக்கு இவ்வூர் ஏரியில் எங்குப் பள்ளம், எங்குச் சேறு என்பது தெரியாது. உள்ளூர்ப் பையன் குதித்தால் தானும் குதிக்கிறது. பாட்டிக்குக் கண் மங்கல், கால் வலி. ஐந்து பேரக் குழந்தைகளின் பின்னால் ஓட அவரால் ஆகுமா?

இவற்றோடு, மனைப் பிரிவுகளில் பாதியில் நிற்கும் வீடுகளின் தரைமட்டத் தண்ணீர்த் தொட்டிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டட வேலைக்கு நீர் நிரப்பி, மேலே ஒரு பலகையோ தகரமோ போட்டு மூடிவிட்டுச் செல்கின்றனர். சில இடங்களில் அதுவுமில்லை. தவழும் குழந்தைக்குத் தொட்டி கூட வேண்டியதில்லை. குளியலறையில் வைத்த அரை வாளி நீரில் தலைகீழாக விழுந்த குழந்தை தானாக எழ இயலாது. அதன் தலையின் பாரம் அத்தகையது. பூண்டியிலிருந்து புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்குச் செல்லும் கால்வாய்களின் ஓரத்தில் உள்ள ஊரார், சிமெண்டுச் சரிவில் பாசி படிந்தால் வளர்ந்தவரே ஏற முடியாது என்பதை அறிவர்.

நீரில் மூழ்கும் குழந்தை கூவி அழைக்கும் என்று எண்ணுவது தவறு. மூச்சு விடவே வாய் போதாதபொழுது கூவுவது எங்ஙனம்? ஓசையின்றி, இரண்டொரு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஆகவேதான் "பக்கத்தில்தான் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லையே" என்று தாய்மார்கள் கதறுகின்றனர். அவர்கள் கூறுவது உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

நீரில்லாத குழியும் குழியே. 2019 அக்டோபர் 25ஆம் நாள், தீபாவளிக்கு இரண்டு நாட்கள் முன்னர், திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து மாண்டதை நாடே கண்டது. உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே வழிமுறைகளை வகுத்திருந்தது: கிணறு தோண்டுவதற்கு 15 நாட்கள் முன்பே அறிவிப்பு, தோண்டும்பொழுது முள்வேலி, குழாயின் வாய்க்கு இரும்புத் தகட்டு மூடி, கைவிட்டால் அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்புதல். ஊர்ப்புறங்களில் இதைக் கண்காணிக்கும் பொறுப்பு ஊராட்சித் தலைவரிடமும் வேளாண் அலுவலரிடமும் ஒப்படைக்கப்பட்டது. விவசாயப் பெருமக்கள் தத்தம் நிலத்தில் நீர் கிடைக்காது கைவிட்ட துளைகளை இந்த மே மாதத்திற்குள் ஒருமுறை சென்று பார்த்தல் நலம். சாக்குப் பையைச் சுற்றி அடைத்திருப்பது அடைப்பு ஆகாது.

வங்காள தேசத்துத் தாய்மார் கண்ட வழி

நம்மைப் போலவே குட்டை குளங்கள் நிறைந்த நாடு வங்காள தேசம். அங்கு ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் வீட்டிற்கு அருகிலுள்ள குட்டைகளில் விழுந்து இறப்பது மிகுதி. அவ்விறப்புகளில் பெரும்பாலானவை முற்பகல் ஒன்பது மணிக்கும் பிற்பகல் ஒரு மணிக்கும் இடையில், தாய் சமையலிலும் வெளி வேலையிலும் ஈடுபட்டிருக்கும்பொழுது நிகழ்வதைக் கண்டறிந்தனர். எல்லாக் குட்டைகளுக்கும் வேலி கட்ட அந்நாட்டிற்குப் பொருள் வசதி இல்லை. ஆகவே அந்த நான்கு மணி நேரத்திற்கு மட்டும் குழந்தைகளை ஒரு வீட்டில் சேர்த்து வைத்து, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருத்தியைக் காவல் வைத்தனர். அக்காப்பகத்திற்கு 'ஆஞ்சல்' என்று பெயர். புடவைத் தலைப்பு என்பது அதன் பொருள். 2006 முதல் 2010 வரை நடைபெற்ற அத்திட்டத்தை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவின்படி, ஆஞ்சலில் சேர்ந்த சிறு குழந்தைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் குறைந்தது. நான்கு வயதிற்கு மேற்பட்டோருக்குக் குளத்திலேயே மூங்கில் தட்டி அமைத்து நீச்சல் கற்பித்ததிலும் இதற்கு ஒப்பான பலன் கிட்டிற்று.

இதில் நம் மனத்தைக் கவர்வது அதன் எளிமை. கட்டடம் இல்லை, இயந்திரம் இல்லை. ஒரு பெண், ஒரு நிழல், நான்கு மணி நேரம்.

நம் நாட்டிற்கு இது புதிய எண்ணமும் அன்று. 1952 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் மாதர் சங்கங்களும் பாலர் நிலையங்களும் இடம் பெற்றிருந்தன. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், பணித் தலத்திற்கு ஆறு வயதிற்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால், வேலைக்கு வந்த பெண்களுள் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி அவருக்கும் அதே கூலி தர வேண்டுமென விதித்தது. அவ்விதியைக் காகிதத்தில் மட்டுமன்றிப் பணித் தலத்திலும் கண்ட ஊர்கள் எத்தனை என்பதை உறுப்பினர்களே அறிவர்.

மே மாத முதல் நாள்

ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்று மே மாத முதல் நாள். விடுமுறை தொடங்கிய முதல் வாரம். இதைவிடப் பொருத்தமான நாள் வாய்க்காது. அன்றைய பொருள் பட்டியலில் "விடுமுறைக் காலக் குழந்தைக் காவல்" என ஒரு பொருளைச் சேர்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். குடிநீர், தெருவிளக்கு, சாலை ஆகியவற்றிற்குப் பின்னர் இதை எடுத்தால் கூட்டம் கலைந்திருக்கும். ஆகவே முதலிலேயே எடுத்துக்கொள்ளல் நன்று.

இடத்திற்குப் பஞ்சமில்லை. 2006 முதல் 2011 வரை நடைமுறையில் இருந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சி தோறும் நூலகம் கட்டப்பட்டது. அவற்றுள் பூட்டியே கிடப்பவை பல. ஓர் ஊரில் நூலகத்தின் சாவி எவரிடம் உள்ளது என்று அறியவே நமக்கு அரை நாள் கழிந்தது. கடைசியில் அது சாவி வைத்திருந்தவரின் வீட்டு அரிசிப் பானையில் கிடைத்தது. உள்ளே புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. அவ்விடத்தைச் சுத்தம் செய்து, கூரையில் ஒழுகலும் சுவரில் மின்கசிவும் இல்லையெனப் பார்த்து, குடிநீரும் கழிப்பிடமும் அருகில் இருந்தால் போதும். நீர்நிலைக்கு அருகில் இருப்பின் அவ்விடம் வேண்டாம். தலைமையாசிரியரின் இசைவுடன் பள்ளித் தாழ்வாரத்தையும் கொள்ளலாம்.

பார்த்துக்கொள்வதற்கு, இருபது குழந்தைகளுக்கு இரண்டு பெண்களாவது வேண்டும். ஒருவர் கழிப்பிடத்திற்கு ஒரு குழந்தையை அழைத்துச் சென்றால் மற்றவர் இருக்க வேண்டுமன்றோ? மகளிர் சுய உதவிக் குழுக்களில் பொறுமையுள்ள பெண்கள் உள்ளனர். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகப் பணியாற்றிய இளம் பெண்களும் ஊர் தோறும் உள்ளனர். பாட்டும் விளையாட்டும் அவர்களுக்குக் கைவந்தவை. இவர்களுக்கு ஊதியம் தர வேண்டும். சேவை என்று பெயரிட்டு இலவசமாக வாங்கும் வேலை இரண்டாம் வாரத்தில் நின்றுவிடும். பெற்றோரும் வாரத்திற்கு ஒரு சிறு தொகை தருவதையே நாம் விரும்புகிறோம். தொகை தந்த தாய், "நேற்று ஏன் பதினோரு மணிக்கே மூடினீர்கள்?" என்று கேட்பாள், அவ்வாறு கேட்பது நல்லது.

ஒரு சிறு குறிப்பேடு அவசியம். காலையில் வந்த குழந்தைகளின் பெயரை எழுதிக்கொண்டு, வராத குழந்தையின் வீட்டிற்கு அரை மணிக்குள் ஆள் அனுப்ப வேண்டும். உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தால் சரி. வீட்டிலும் இல்லை, இங்கும் இல்லை என்றால் முதலில் தேட வேண்டிய இடம் நீர்நிலை. பிறகுதான் கடைத்தெருவும் ரயில் நிலையமும். மாலையில் பெரியவர் வந்தன்றி எந்தக் குழந்தையையும் அனுப்பலாகாது.

இவ்வேற்பாட்டால் மீட்கப்படுபவர் சிறு குழந்தைகள் மட்டுமல்லர். ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பெண் குழந்தைகள் நம் ஊர்களில் விடுமுறையையே காண்பதில்லை. தம்பியைச் சுமப்பதும் தண்ணீர் சுமப்பதுமே அவர்களது கோடைகாலம். ஆண் பிள்ளைகளைச் சிலர் இக்காலத்தில் பட்டறைக்கும் சூளைக்கும் அனுப்புகின்றனர். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி பதினான்கு வயது நிரம்பாதவர், அபாயமற்ற குடும்பத் தொழிலில் விடுமுறையில் உதவி செய்யலாமேயன்றி, பிறரிடம் கூலிக்குச் செல்லலாகாது. சொந்த வயலில் தந்தைக்குக் கூழ் கொண்டு செல்வது வேறு. அடுத்தவர் சூளையில் கல் சுமப்பது வேறு.

சூளைகளைப் பற்றிக் கூறும்பொழுது, அங்கு வேலைக்கு வந்துள்ள ஒடிசா மாநிலக் குடும்பங்களையும் எண்ண வேண்டும். நம் ஊரின் வாக்காளர் பட்டியலில் அவர்கள் இல்லை. ஆகவே கிராம சபையிலும் இல்லை. அக்குழந்தைகளுக்குச் செல்லப் பாட்டி வீடும் அருகில் இல்லை. மண் எடுத்த குழியின் விளிம்பிலேயே அவர்களது குடிசை இருக்கிறது. காவல் வீட்டில் அவர்களையும் சேர்த்துக்கொள்வதற்கு மொழி தடையாகாது. மூன்று வயதுக் குழந்தைகள் ஒரு வாரத்தில் ஒன்றன் மொழியை மற்றொன்று கற்றுவிடும்.

உணவு

பள்ளி மூடினால் உணவும் நின்றுவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பகலுணவோடு, 2022 செப்டம்பர் முதல் காலை உணவும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படிப்படியாக வந்தது; ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அத்திட்டம் 2024 ஜூலை 15ஆம் நாள் நம் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பணிக்குச் செல்லும் தாய் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறாள். அவள் குழந்தை பள்ளி நாட்களில் இரு வேளை சூடாக உண்கிறது. விடுமுறையிலோ பத்து ரூபாய்ப் பொட்டலங்களே பகலுணவாகிவிடுகின்றன. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பகலுணவு தர வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆணையிட்டது இங்கு நினைவுகூரத் தக்கது. காவல் வீட்டில் கேழ்வரகுக் கூழ், மோர், வேகவைத்த பயறு ஆகியவற்றில் ஒன்றேனும் முற்பகலில் தர இயலும். ஐந்து வயதிற்குட்பட்டோருக்கு முழு வேர்க்கடலையைக் கொடுத்தலாகாது. மூச்சுக் குழலில் சிக்கிக்கொள்ளும். வெயில் நாட்களில் வயிற்றுப்போக்குக் கண்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி பருகச் செய்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

கயிறும் மூச்சும்

பள்ளங்களைக் குறித்துச் செய்ய வேண்டியவை சில. மே மாத முதல் வாரத்திலேயே உறுப்பினர்கள் இருவர் ஊர் எல்லை முழுவதும் நடந்து, ஏரிப் பள்ளம், சூளைக் குழி, பண்ணைக் குட்டை, பாழுங்கிணறு, மூடாத தொட்டி ஒவ்வொன்றையும் எழுதி வருக. இயன்றவற்றின் கரையைச் சரித்துப் படி வெட்டுக. இயலாதவற்றிற்குக் கருவேல முள் வேலி இடுக. பலகையில் "ஆழம்" என்று எழுதி வைப்பதனால் எழுத்தறியாத நான்கு வயதுக் குழந்தைக்குப் பயனில்லை. முள் அதற்குப் புரியும்.

நீர்நிலை ஒவ்வொன்றின் கரையிலும் ஒரு கம்பத்தில் ஐம்பதடிக் கயிறும், அதன் முனையில் மூடி இறுக்கிய காலி எண்ணெய்க் கேனும் தொங்கட்டும். ஒருவரைக் காக்க மற்றொருவர் குதித்து, இருவரும் மூழ்குவதே நம் நாட்டில் பெரும்பாலும் நிகழ்வது. நீந்தத் தெரியாதவர் இறங்கவே கூடாது. கயிறு, புடவை, வேட்டி, நீண்ட கழி, எது கைக்குக் கிடைக்கிறதோ அதை நீட்டுக. அம்முதியவர் வேட்டியை எறியாமல் தாமே குதித்திருந்தால் அன்று மூன்று உயிர்கள் போயிருக்கும்.

எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதையும், குடத்தின் மேல் குப்புறக் கிடத்தி அமுக்குவதையும் இன்றும் காண்கிறோம். பொன்னான நிமிடங்கள் இவ்வாறு வீணாகின்றன. தேவை நீரை வெளியேற்றுவதன்று, காற்றை உட்செலுத்துவது. ஒருவர் 108க்கு அழைக்க, மற்றொருவர் குழந்தையை மல்லாத்திக் கிடத்தி, மோவாயை உயர்த்தி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை மெல்ல ஊத வேண்டும். அசைவும் மூச்சும் இல்லையெனில், மார்பின் நடுவில் அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழுமாறு, நிமிடத்திற்கு நூறு முறைக்குக் குறையாத வேகத்தில் முப்பது முறை அழுத்தி, மீண்டும் இரண்டு முறை ஊதுக. மருத்துவ உதவி வரும்வரை இதைத் தொடர்க. பிழைத்து எழுந்த குழந்தையையும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நுரையீரலில் புகுந்த நீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். இதனைப் படித்துக் கற்க இயலாது. ஆரம்ப சுகாதார நிலையத்தாரையோ தீயணைப்பு மீட்புப் பணியினரையோ கேட்டுக்கொண்டால் ஊருக்கு வந்து செய்து காட்டுவர். நாம் நடத்திய ஒரு பயிற்சியில், முதலில் நாணி நின்ற மாதர் சங்கத்தார் கடைசியில் தலையணையை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் அழுத்திப் பழகினர். ஆடவர்கள்தாம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தனர்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் நாளன்று காவல் வீட்டின் குறிப்பேட்டைத் தலைமையாசிரியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் ஒப்படைத்து, ஒவ்வொரு பெயரையும் பள்ளி வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சூளை வேலை முடிந்து ஊர் திரும்பிய குழந்தைகள், ஊர் மாறிய குழந்தைகள், வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் எவரெவர் என்பது அப்பொழுது தெரியவரும். கடைசி வகையினரைப் பற்றி ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிற்கும், தேவையாயின் 1098 என்னும் தொலைபேசி எண்ணிற்கும் தெரிவிக்கலாம். கயிறுகளை அவிழ்த்துவிட வேண்டாம். ஐப்பசியில் மழை வரும்.